பதுளைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் எத்தனை தூரம்?

இலங்கைக்கும் பாரத நாட்டுக்கும் இடையே வான்வழியாக நடந்த பயணங்களுள் நம் இலக்கியம் அறிந்தவற்றில் தலையாயது, இராமபிரான் புட்பக விமானம் ஏறி அயோத்தி மீண்டதேயாம். குபேரனுக்கு உரியதாயிருந்து இராவணனால் கவரப்பட்ட ஊர்தி அது. போர் முடிந்தபின் சீதையையும் இளவலையும் துணைவரையும் ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கி எழுந்தது. கீழே தோன்றிய சேதுவையும் மலைகளையும் இராமன் தேவிக்குச் சுட்டிக்காட்டிக்கொண்டே சென்றான் என்று கம்பநாடர் பாடுகின்றார். எத்தனை நாழிகையில் எத்தனை காதம் கடந்தது என்ற கணக்கு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஆயினும் நேரத்தின் அருமையை அவர் அறிவார். இடைவழியில் பரத்துவாச முனிவரின் ஆச்சிரமத்தில் இறங்கி விருந்துண்ணத் தங்கிய பொழுதில், நந்தியம்பதியிலே பரதன், பதினான்கு ஆண்டுக் கெடு முடிந்ததெனத் தீ மூட்டி அதில் வீழ ஆயத்தமாகி விடுகின்றான். அனுமன் முந்திச் சென்றிராவிடில் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை எண்ணவும் நெஞ்சு நடுங்குகிறது.

எங்கள் ஊவா மாகாணத்தில் எல்ல என்னும் ஊரருகே இராவணன் பெயரால் வழங்கும் அருவியும் குகையும் உள்ளன. அக்குகைதான் இலங்கேசன் வாழ்ந்த இடம் என்று வழக்காட நான் வரவில்லை. ஊர்ப்பெயர் ஒன்றே வரலாற்றுச் சான்று ஆகிவிடாது. ஆயினும் மாணவர் ஆர்வம் கொள்ளும் பொருட்டு, அங்கிருந்து அயோத்தி எத்தனை தூரம் என்று வகுப்பில் தேசப்படத்தை விரித்து அளந்து பார்ப்பதுண்டு. எல்லவின் நெட்டாங்கு கிழக்கு 81 பாகைக்குச் சற்று மேல். அயோத்தியினது 82 பாகைக்குச் சற்று மேல். ஆதலின் புட்பகம் ஏறக்குறைய நேர் வடக்கே பறந்திருத்தல் வேண்டும். தூரம் 2,200 கிலோமீற்றர் அளவு. இக்காலத்து ஜெட் விமானத்துக்கு அஃது ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம்.

இவ்வாறு ஒருநாள் அளந்துகொண்டிருக்கையில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வருகிறவன். "சேர், எங்க தாத்தாவோட தாத்தாவுக்குத் துறையூராம். திருச்சிப் பக்கம். இங்கேருந்து எத்தனை கட்டை?" என்றான். வகுப்பு சிரித்தது. கட்டை என்பது எங்கள் நாட்டில் மைல். வீதியோரம் நட்ட மைற்கல்லே கட்டை என வழங்கி, பின்னர் அந்தத் தூரத்துக்கே பெயராயிற்று. கடலுக்கு அப்பால் உள்ள ஊருக்குக் கட்டைக் கணக்குக் கேட்கிறானே என்பதுதான் மற்றவர்களின் சிரிப்பு. எனக்கோ அதைவிட நல்ல வினாவை அந்த ஆண்டு முழுவதும் எவரும் கேட்டதாக நினைவில்லை.

தமிழ்ப் பண்டிதன் கரும்பலகையில் கணக்குப் போடுவதைப் பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியர் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார், பார்க்கட்டும். பதுளையின் அகலாங்கு வடக்கு 7 பாகை. திருச்சி விமான நிலையத்தினது 10.8 பாகையளவு. அகலாங்கில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். ஆகவே வடக்கே 420 கிலோமீற்றர். நெட்டாங்கில் பதுளை 81.05, திருச்சி 78.7. வித்தியாசம் 2.35 பாகை, இந்த இடத்தில் பாகைக்கு 109 என்று கொண்டால் மேற்கே 256. இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாயின், மூன்றாம் பக்கம் 490 கிலோமீற்றருக்கு அண்மையில் வரும். அதாவது 305 கட்டை. பதுளையிலிருந்து யாழ்ப்பாணம் போவதைப் போல் ஒன்றரை மடங்கு தூரமே. வகுப்பில் இப்போது சிரிப்பு இல்லை. திருச்சி அவ்வளவு கிட்டவா என்ற வியப்பே ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது.

பதுளைக்கு விமான நிலையம் இல்லை. கட்டுநாயக்கா சென்றே ஏற வேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து திருச்சி நேர்கோட்டில் ஏறத்தாழ 417 கிலோமீற்றர். மணிக்கு 800 கிலோமீற்றர் பறக்கும் விமானம் இதை அரைமணி நேரத்தில் கடந்துவிட வேண்டும் என்பது பிள்ளைகளின் கணக்கு. அட்டவணையோ ஒரு மணி நேரம் என்கிறது. எஞ்சிய அரைமணி எங்கே போயிற்று? அட்டவணை நேரம் என்பது சக்கரம் தரையை விட்டு எழுவதிலிருந்து கணிக்கப்படுவது அன்று. நின்ற இடத்தைவிட்டு அசைவதிலிருந்து மறுமுனையில் போய் நிற்கும்வரை கணிக்கப்படுவது. ஓடுபாதையின் தலைமாட்டுக்குத் தவழ்ந்து போக வேண்டும். காற்றை எதிர்த்து எழ வேண்டுமாதலால் சில நாள் ஊருக்கு எதிர்த்திசையில் கிளம்பி, வளைந்து வடக்கே திரும்ப வேண்டும். மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் முழுவேகம் கூடாது. இவ்வளவு குறுகிய பயணத்தில் விமானம் தன் உயரத்தை எட்டி நிமிர்வதற்குள் இறங்கும் வேளை வந்துவிடுகிறது. தொலைதூரப் பயணத்தில் இந்தச் செலவு தெரியாது; குறுந்தூரத்தில் பாதி நேரமே அதுவாகிவிடும்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டில் மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு இலங்கை தன் கடிகாரத்தை முன்தள்ளி வைத்தது. அவ்வாண்டு இறுதி தொடங்கி 2006 ஏப்ரல் வரை நம் நேரம் இந்திய நேரத்தைவிட அரைமணி முந்தியிருந்தது. அந்நாளில் கட்டுநாயக்காவில் பத்து மணிக்குப் புறப்பட்ட விமானம் உள்ளூர் நேரப்படி பத்தரைக்கே திருச்சியில் இருக்கும். திரும்பும்போதோ அதே பயணம் ஒன்றரை மணி நேரமாக நீண்டுவிடும்! புறப்பாட்டு நேரத்தையும் வருகை நேரத்தையும் கழித்துப் பார்த்துப் பயண நேரம் கண்டுபிடிக்கும் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பத்தாண்டில் ஏமாந்திருப்பார்கள். இன்று இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்றே.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு விமானம் என்றாலே துபாய், குவைத், கட்டார். தாய்மார் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து துபாய் ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர். போகும்போது நாலேமுக்கால் மணி நேரமளவு ஆகும். வரும்போது நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். "அம்மா ஊருக்கு வாற பிளேன் மட்டும் ஏன் சேர் வேகமா வருது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வானத்தின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் பெருங்காற்று முதுகில் பிடித்துத் தள்ளுவதனால் என்று விடை சொன்னேன். விடை சரியானதே. அவள் கேட்டது அதுதானா என்பது வேறு.

இனி, தூரத்தை லயத்துக் காம்பராவின் வாசலிலிருந்து அளந்து பார்ப்போம். தோட்டத்திலிருந்து பதுளை நகருக்கு வர ஒரு மணி நேரம். பதுளையிலிருந்து கட்டுநாயக்கா நேர்கோட்டில் 131 கிலோமீற்றரே. ஆனால் மலையிறங்கி வளைந்து செல்லும் வீதியில் பஸ் வண்டி கொழும்பை அடைய ஆறேழு மணி நேரம், அதன்பின் கட்டுநாயக்கா. புகையிரதப் பாதையோ இன்னும் வளைவானது. 1924 பெப்ரவரி 5ஆம் நாள் பதுளைக்கு வந்து சேர்ந்த பாதை அது. பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உயரம் ஏறி, தெமோதரையில் மலையைச் சுற்றித் தன் நிலையத்தின் கீழேயே தான் சுரங்கத்தில் புகுந்து, கொழும்புக்கும் பதுளைக்கும் இடையே ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஓடும்படி அமைந்தது. காகம் பறக்கும் தூரத்தைப் போல் இரு மடங்குக்கு மேல். பதுளைக்கு மிக அண்மையிலுள்ள பன்னாட்டு விமான நிலையம் உண்மையில் கட்டுநாயக்கா அன்று. 2013 மார்ச்சில் திறக்கப்பெற்ற மத்தளை, நேர்கோட்டில் 78 கிலோமீற்றரே. ஆனால் அங்கே பன்னாட்டுச் சேவைகள் வேரூன்றவில்லை. அண்மையில் இருப்பது ஒன்று, உதவுவது ஒன்று.

விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டும் என்பது விதி. ஆக, வாசலில் இறங்கி நடந்ததிலிருந்து திருச்சி மண்ணை மிதிக்கும்வரை பதினான்கு பதினைந்து மணி நேரம். அதில் வானத்தில் கழிவது ஒன்றே. கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் அலைந்த நாட்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

தூரத்தைச் சொல்லும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு என்பதைச் சிலப்பதிகாரம் கற்றவர் அறிவர். புகாரை விட்டுப் புறப்பட்டுச் சிறிது தூரம் நடந்த அளவிலேயே இடை நொந்த கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்கின்றாள். மதுரை முப்பது காதத்துக்கு அப்பால். அம்முப்பதை ஆறு, ஐந்து என்ற எண்களால் கோவலன் சொல்கின்றான். பெருக்கிக் கொண்டால் முப்பது. பெருக்காமல் கேட்டால் ஏதோ ஐந்தாறு காதம் போல் காதில் விழும். பொய்யும் சொல்லவில்லை, உண்மையால் அவளை அஞ்சவைக்கவும் இல்லை. இளங்கோவடிகளின் அந்த இடத்தைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கங்காணிமார் நினைவுக்கு வருவர். திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளில் ஆள் திரட்டிய அவர்களும் தூரத்தைச் சுருக்கியே சொன்னார்கள். கோவலன் சுருக்கியது அன்பினால்; இவர்கள் சுருக்கியது தலைக்காசுக்காக. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற பேச்சும் உடன் வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். தண்ணீரில்லா வழி, கொலராவும் மலேரியாவும் கிடந்த வழி. விழுந்தவரை விழுந்த இடத்தில் விட்டு நடந்தார்கள். ஊவாவுக்கு வர வேண்டியவர்களுக்கு மாத்தளை முடிவும் அன்று. அதற்கு மேலும் மலைகள் இருந்தன. இந்த நடைக்கு எத்தனை நாளாயிற்று என்று எங்கள் வீட்டில் எவரும் எண்ணிச் சொன்னதில்லை. வழியில் இறந்தவர்களின் பெயர்களை மட்டும் சொல்வார்கள்.

பின்னர் வழிகள் ஒழுங்குபட்டன. 1904இல் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தனர், அத்துண்டே பயணச்சீட்டு. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடலாயிற்று. கடல்வழி 22 மைல். என் பாட்டனார் காலத்தில் பதுளையில் ஏறிப் பொல்காவலைச் சந்தியில் வண்டி மாறி, தலைமன்னாரில் கப்பலேறினால் மூன்றாம் நாள் திருச்சியைக் காணலாம் என்பார்கள். அந்த மூன்று நாளை எவரும் தொலைவு என்று கொள்ளவில்லை. கலியாணத்துக்குப் போனார்கள், குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டப் போனார்கள், கோபித்துக்கொண்டும் போனார்கள்.

வான்வழி எங்கள் மக்களைத் தொடவில்லை. ஆனால் அது பிறந்த காலம் கவனிக்கத்தக்கது. 1938இல் தாத்தா நிறுவனத்தின் தபால் விமானம் கராச்சியிலிருந்து கொழும்பு வரை நீண்டது. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. டக்கோட்டா வகையைச் சேர்ந்த அவ்விமானத்துக்கு இட்ட பெயர் சீதாதேவி. பெயரிட்டவர் யாராயினும் இராமாயணம் அறிந்தவரே! இலங்கையிலிருந்து சீதை மறுபடியும் வான்வழியே வடக்கே சென்றாள். அதற்கு மறு ஆண்டில், 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்து மக்களுட் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியரல்லர் ஆயினர். இரு நாடுகளுக்கும் இடையே பயண நேரம் குறையத் தொடங்கிய அதே காலத்தில், எங்களுக்குத் தூரம் கூடத் தொடங்கிற்று.

1964 அக்டோபர் 30இல் ஒப்பமான ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். அந்த 1964 டிசெம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. தாயகம் திரும்புவோரை ஏற்றிக்கொண்டு மலைநாட்டிலிருந்து புறப்பட்ட வண்டிக்கு எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தனர். பெயருக்கு உரை வேண்டா.

1979இல் என் பெரியம்மா குடும்பம் அவ்வண்டியில் ஏறிற்று. எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியம்மா பெயர் இந்தியாவுக்கு என்றும், என் தாயார் பெயர் இலங்கைக்கு என்றும் விழுந்திருந்தன. ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பதுளை நிலையத்தில் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு நடந்தார். நடைமேடை முடியுமிடத்தில் சிற்றப்பா பிடித்து நிறுத்தினார். திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் அமைத்த தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றில், கோத்தகிரிக்கு அப்பால், அவர்களுக்கு வேலை கிடைத்தது. கடிதங்கள் வந்தன. 1984இல் கப்பல் நின்றது. 1986இல் பெரியம்மா இறந்த செய்தி தந்தியாக வந்தது. தந்தி தோட்டத்துக் கந்தோரை அடைந்து எங்கள் கைக்கு வந்தது ஐந்தாம் நாள். கப்பல் இல்லை. விமானம் உண்டு, ஆனால் கடவுச்சீட்டும் இல்லை, டிக்கட்டுக்குக் காசும் இல்லை. அம்மா லயத்துப் பீலியில் தலை முழுகிவிட்டு மறுநாள் கொழுந்தெடுக்கப் போனார்.

அம்மாவை நான் விமானம் ஏற்றியது 2014இல். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. பட்டை போட்டுவிட்டதும் கண்ணை மூடிக்கொண்டு முருகனை நினைத்தவர், கடல் தெரிகிறது என்று நான் சொன்ன பின்புதான் திறந்தார். சிற்றுண்டிப் பொதியைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார், பிறகு தின்னலாம் என்று. பிரிப்பதற்குள் இறங்கப்போவதாக அறிவித்தார்கள்.

"என்னா தம்பி, எதுவும் பழுதா? திரும்பப் போறாங்களா?"

"இல்லையம்மா, திருச்சி வந்துவிட்டது."

அம்மா ஜன்னல் வழியே காவிரியைப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். பிறகு, என்னிடம் என்றில்லாமல், "இம்புட்டுத் தூரம்தானா அக்கா இருந்திச்சு" என்றார். கோயம்புத்தூர் பஸ்ஸில் குளித்தலை தாண்டும்வரை அவர் பேசவில்லை. நானூற்றுப் பதினேழு என்ற என் கணக்கை நான் சொல்லவும் இல்லை.

திருச்சியிலிருந்து கோத்தகிரி ஏழெட்டு மணி நேரம். மேட்டுப்பாளையம் கடந்து மலையேறத் தொடங்கியதும் அம்மாவுக்கு ஊர் வந்ததுபோல் இருந்தது. தேயிலை, பனி, வரிசை வீடுகள். பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, வாசலில் நின்றார். பன்னிரண்டு வயதில் போனவர், ஐம்பதை நெருங்கியிருந்தார். அழுது முடிந்து தேநீர் குடித்தபின் அவர் முதலில் கேட்டது இதுதான்:

"சித்தி, பசறை ரோட்டுல அஞ்சாங் கட்டையில ஒரு பிள்ளையார் இருந்திச்சே, இருக்கா?"

"கட்டைன்னா என்னம்மா?" என்றாள் அக்காவின் மகள். நீலகிரியில் அந்தச் சொல் மைலுக்கு வழங்குவதில்லை.

"இருக்கு பிள்ளை. ரோட்டை அகலமாக்கையில கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிக் கட்டியிருக்காங்க" என்றார் அம்மா. பிறகு இருவருமாகப் பதுளை டவுனிலிருந்து ஆரம்பித்து, முதலாங் கட்டையில் என்ன, இரண்டாங் கட்டையில் யார் கடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். தோட்டத்துப் பிரட்டுக்களம் வந்து சேர்ந்தபோது இரவு பதினொரு மணி.